யுபிஎஸ் வாயை அடைப்பது எப்படி?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கரன்ட் போனதும் யுபிஎஸ் கத்துகிறது, அதன் வாயை அடைக்க வழி சொல்லுங்கள் என்று. மற்ற கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: கைக்குழந்தை இருக்கும் வீடு. ராத்திரி கரன்ட் போனால் குழந்தை பாட்டுக்குத் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் இருக்கும் யுபிஎஸ் பீப் பீப் என்று அடித்து எழுப்பிவிடுகிறது. ஃபேன் நின்றாலே கரன்ட் போனது எங்களுக்குத் தெரிந்துவிடும், இது வேறு சொல்ல வேண்டுமா? சத்தத்தை அடியோடு நிறுத்த முடியுமா சார்? பெட்டியில் மியூட் என்று எந்தப் பட்டனும் இல்லை.

பதில்: பெரும்பாலான யுபிஎஸ்களில் முடியும். பட்டன் மேல் மியூட் என்று எழுதியிருக்காது, அவ்வளவுதான். ஒரே பட்டன் மூன்று வேலை பார்க்கிற ரகம் இவை. பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும்போது பவர் பட்டனைச் சட்டென்று ஒரு தட்டு தட்டினால் அடங்கிவிடும் மாடல்கள் உண்டு. டிஸ்ப்ளே இருக்கிற மாடல் என்றால் டிஸ்ப்ளே பட்டனை இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கலாம். இதில் ஒரு வம்பு இருக்கிறது. பவர் பட்டனைத் தட்டாமல் அழுத்திப் பிடித்துவிட்டால் யுபிஎஸ்ஸே அணைந்துவிடும், கம்ப்யூட்டரும் கூடவே போகும். அதனால் முதல் முயற்சியைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரை முறையாக அணைத்துவிட்டு, அதன் இடத்தில் ஒரு டேபிள் லேம்ப்பை மாட்டி, சுவரில் இருக்கும் சுவிட்சை ஆஃப் செய்து பாருங்கள். ப்ளக்கைப் பிடுங்க வேண்டாம். சுவிட்சை அணைத்தால் எர்த் தொடர்பு அப்படியே இருக்கும், பிடுங்கினால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

பட்டனால் அடங்கினாலும் நிறைய மாடல்களில் அது அந்த ஒரு மின்தடைக்கு மட்டும்தான். கரன்ட் வந்து, மறுபடி போனால் மறுபடி கச்சேரி. ஏன் என்றால் யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரோடு பேசும் யுபிஎஸ்களுக்கென்று ஒரு பொதுத் தரநிலை இருக்கிறது, அதில் ஒலிக்கு மூன்று நிலை வைத்திருக்கிறார்கள்: ஒலிக்கட்டும், இப்போதைக்கு வாயை மூடு, எப்போதும் ஒலிக்காதே. பட்டன் பொதுவாக உங்களை இரண்டாவது நிலைக்குத்தான் கொண்டுபோகும். உங்களுக்கு வேண்டியது மூன்றாவது. அதற்கு மென்பொருள்தான் வழி, யுபிஎஸ் ஏபிசி (APC) நிறுவனத்தினுடையது என்றால் பவர்ச்சூட், சைபர்பவர் என்றால் பவர்பேனல், மற்றவற்றுக்கு அந்தந்த நிறுவனமே ஒன்று தரும். யுபிஎஸ் பின்னால் யுஎஸ்பி பொருத்தும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் பிரின்டர் கேபிளே போதும். ஏபிசி மாடல்கள் பலவற்றில் லேன் கேபிள் செருகும் ஓட்டை மாதிரியே ஒன்று இருக்கும், ஆனால் அதில் 10 பின். சாதாரண லேன் கேபிளை அதில் செருகி ஒன்றும் நடக்கவில்லையே என்று உட்கார்ந்திருக்காதீர்கள், பெட்டியோடு வந்த கேபிளைத் தேடி எடுங்கள். மென்பொருளில் நோட்டிஃபிகேஷன் அல்லது அலாரம் என்ற பக்கத்தில் ஒலியை அணைக்கும் வசதி இருக்கும். குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் ஒலிக்க வேண்டாம் என்று சொல்லும் வசதியும் சிலவற்றில் உண்டு, குழந்தை இருக்கும் வீட்டுக்கு அதுதான் தோது, ராத்திரி மட்டும் ஊமை. அடியோடு அணைத்தால் பெரும்பாலும் யுபிஎஸ்ஸின் நினைவிலேயே பதிந்துவிடும், பிறகு கேபிளைக் கழற்றினாலும் மாறாது.

சத்தத்தை நிறுத்திய கையோடு இன்னொரு வேலையும் செய்துவிடுங்கள். அந்தப் பீப் எதற்கு வைத்தான் என்றால், பேட்டரி தீர்வதற்குள் எழுந்து போய்ச் சேமித்து அணைத்துவிடு என்று சொல்வதற்குத்தான். நீங்கள் எழுந்திருக்கப் போவதில்லை என்றால் அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடமே கொடுத்துவிட வேண்டியதுதான். கேபிள் மாட்டியிருந்தால் விண்டோஸ் பல யுபிஎஸ்களை லேப்டாப் பேட்டரி மாதிரியே பார்க்கும், ஓரத்தில் பேட்டரி படம் வரும். பவர் ஆப்ஷன்ஸில் போய், பேட்டரி இத்தனை சதவீதத்துக்கு இறங்கினால் ஹைபர்னேட் ஆகிவிடு (திறந்திருப்பதையெல்லாம் சேமித்துவிட்டுத் தானே அணைந்துவிடு) என்று வைத்துவிடுங்கள். ஆக, கேபிளைக் கழற்றலாம் என்று மேலே சொன்னேனே, கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கழற்றாமல் இருப்பதே நல்லது.

கேள்வி: எங்கள் யுபிஎஸ் கரன்ட் இருக்கும்போதே கத்துகிறது. தினமும் இல்லை, நினைத்தால் கத்தும், தானே நிற்கும். மியூட் செய்தும் கேட்கவில்லை. என் கணவர் அதன் மேல் தலையணையை வைத்துவிட்டார்.

பதில்: முதலில் தலையணையை எடுங்கள். உள்ளே சூடாகிற பொருள், காற்று போகிற ஓட்டைகளை அடைத்தால் பேட்டரிதான் முதலில் கெட்டுப்போகும். யுபிஎஸ்ஸில் இருக்கும் மூடிய லெட்-ஆசிட் பேட்டரிக்கு 25 டிகிரி செல்சியஸ்தான் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பார்கள். மூன்றிலிருந்து ஐந்து வருஷம் வர வேண்டியது தலையணைக்கு அடியில் எத்தனை நாள் வரும் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுடையது மின்தடை பீப் இல்லை. யுபிஎஸ்ஸுக்குச் சொல்வதற்கு நாலைந்து விஷயம் இருக்கிறது, வாய் ஒன்றுதான், அதனால் தாளத்தை மாற்றி மாற்றிச் சொல்கிறது. கரன்ட் போனால் விட்டு விட்டு அடிக்கும் (ஏபிசி பேக்-யுபிஎஸ் மாடல்கள் பலவற்றில் 30 விநாடிக்கு ஒருமுறை நான்கு பீப்). பேட்டரி தீரப்போகிறது என்றால் அவசர அவசரமாக அடிக்கும். தாங்க முடியாத சுமை என்றால் பல மாடல்களில் இடைவெளியே இல்லாமல் ஒரே இழுப்பாக இழுக்கும். கரன்ட் இருக்கும்போதே எப்போதாவது கிச்கிச் என்று குருவி மாதிரி கத்தினால் பெரும்பாலும் என் பேட்டரி போய்விட்டது, மாற்று என்று அர்த்தம். மியூட் பொதுவாக முதல் வகையை மட்டும்தான் அடக்கும், மற்றவற்றை வேண்டுமென்றே அடக்க விடாமல் வைத்திருக்கிறார்கள். சரியாகத்தான் செய்திருக்கிறார்கள் என்பது என் கட்சி.

பேட்டரியா என்று பார்க்க மல்டிமீட்டர் வைத்து 12.7 வோல்ட் காட்டுகிறதே, நன்றாகத்தானே இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். சும்மா இருக்கும்போது 12.7 காட்டுகிற கிழட்டுப் பேட்டரி, சுமை ஏறின அடுத்த நொடி பத்துக்கு விழும். லேம்ப்பை மாட்டிச் சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள், இரண்டு நிமிடம்கூடத் தாங்காமல் அணைந்தால் தீர்ப்பு வந்துவிட்டது. பேட்டரி மூடியைத் திறக்கும்போது பக்கச் சுவர் வெளியே பிதுங்கி, செங்கல் மாதிரி இருக்க வேண்டியது பன் மாதிரி உப்பியிருந்தால் சோதனையே வேண்டாம். உப்பிய பேட்டரி தட்டில் சிக்கிக்கொண்டு வராது, ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள், கிழிந்தால் உள்ளே இருப்பது ஆசிட். சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள்.

நீங்களே மாற்றுவதென்றால் ப்ளக்கைப் பிடுங்கி, யுபிஎஸ்ஸை அணைத்து, கையில் இருக்கும் மோதிரம் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். 12 வோல்ட்தானே என்று நினைக்கக் கூடாது, இரண்டு முனைக்கும் நடுவே உலோகம் பட்டால் பழுக்கக் காய்ந்துவிடும். வாங்கும்போது வோல்ட், ஆம்பியர்-ஹவர் (வீட்டு யுபிஎஸ்ஸில் பரவலாக இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர்), நீள அகலம், அப்புறம் முனையின் அகலம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். முனையில் 4.75 மில்லிமீட்டர், 6.35 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு இருக்கிறது, பார்க்க ஒரே மாதிரி இருந்து மாட்டும்போது காலை வாரும். உள்ளே இரண்டு பேட்டரி இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கடைசி முனையைச் செருகும்போது குட்டியாய் ஒரு பொறி வரும், பயப்பட வேண்டாம். ஒரு ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறட்டும், அப்புறம் செல்ஃப் டெஸ்ட் (யுபிஎஸ் தன் பேட்டரியைத் தானே சோதித்துக்கொள்வது) ஒன்று ஓட்டிவிடுங்கள். சில மாடல்கள் அதுவரை பழைய ஞாபகத்திலேயே கத்திக்கொண்டிருக்கும்.

கேள்வி: பட்டனும் இல்லை, யுஎஸ்பியும் இல்லை, ஆன் ஆஃப் மட்டும்தான். திறந்து, சத்தம் போடுகிற அந்த பஸ்ஸரைப் பிய்த்து எறிந்துவிட்டால் என்ன? வாரன்டி எப்போதோ முடிந்துவிட்டது.

பதில்: நான் எறிந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு உருளை, நடுவில் ஒரு ஓட்டை. குறட்டால் ஒரு திருகு, கையோடு வந்துவிட்டது. பல மாதம் நிம்மதியோ நிம்மதி. அந்த மாதங்களில் பேட்டரி மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருந்ததைச் சொல்ல அதற்கு வாய் இல்லை. ஒருநாள் சாயங்காலம் விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டியது, யுபிஎஸ் டக் என்றது, கம்ப்யூட்டர் இருண்டது. சேமிக்காத கட்டுரை ஒன்று, மூன்று மணி நேர உழைப்பு. யாரைத் திட்டுவது?

அது என் தலையெழுத்து, உங்களுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. ப்ளக்கைப் பிடுங்கியிருந்தாலும் உள்ளே பேட்டரி இருக்கிறது. கை தவறி ஆன் ஆனால் வெளியே வருவது சுவர் ப்ளக்கில் வருகிற அதே அளவு வோல்ட்டேஜ்தான். மலிவு மாடல்கள் பலவற்றில் பேட்டரி பக்கமும் மெயின்ஸ் பக்கமும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருக்காது, எனவே ப்ளக் மாட்டியிருக்கும்போது பேட்டரி ஒயரைத் தொட்டாலும் ஷாக் அடிக்கலாம். கபாசிட்டர்கள் எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். சால்டரிங் தெரிந்தவர், சர்க்யூட் பழகியவர் என்றால் இது உங்களுக்குத் தெரிந்த கதைதான். இல்லையென்றால் சர்வீஸ்காரரிடம் கொடுத்து, பிய்க்க வேண்டாம், அந்த ஓட்டையின் மேல் டேப் ஒட்டித் தாருங்கள் என்று கேளுங்கள். பஸ்ஸர்கள் பலவும் தயாராகும்போதே அந்த ஓட்டை மேல் குட்டி ஸ்டிக்கரோடுதான் வருகின்றன, போர்டைக் கழுவிய பிறகு உரித்துவிடுங்கள் என்று அதில் எழுதியே இருக்கும். தொழிற்சாலையில் உரித்ததை நாம் திரும்ப ஒட்டுகிறோம், அவ்வளவுதான். கூச்சல் முனகலாகிவிடும். பக்கத்தில் இருந்தால் கேட்கும், அடுத்த அறையில் கேட்காது.

கேள்வி: லினக்ஸ் பயன்படுத்துகிறேன். யுபிஎஸ்ஸோடு பேசுகிற நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, கம்ப்யூட்டர் பூட் ஆகும்போதெல்லாம் பீப்பரை அணைக்கும் கட்டளை ஓடும்படி வைத்திருக்கிறேன். ஆச்சரியம் என்னவென்றால் ஒருநாள் ஊமையாக இருக்கிறது, அடுத்த நாள் கத்துகிறது, அதற்கடுத்த நாள் மறுபடி ஊமை.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். நீங்கள் அணைக்கவில்லை, புரட்டிப் போடுகிறீர்கள். அந்த மென்பொருளில் பீப்பருக்கு டிசேபிள், எனேபிள், மியூட், டாகிள் என்று தனித்தனிக் கட்டளை உண்டு. எதெது கிடைக்கும் என்பது யுபிஎஸ்ஸைப் பொறுத்தது. மெகாடெக் என்ற பழைய நெறிமுறையில் பேசுகிற விலை குறைந்த பெட்டிகளுக்கு ‘க்யூ’ என்ற ஒற்றை எழுத்துதான் கட்டளை, அது டாகிள் மட்டும்தான் செய்யும்: ஒலித்துக்கொண்டிருந்தால் அணைக்கும், அணைந்திருந்தால் எழுப்பும். தினம் ஒரு தடவை பூட் செய்கிறீர்கள், தினம் ஒரு தடவை புரளுகிறது. நிலையைக் கேட்டுவிட்டு, ஒலி ஆனில் இருந்தால் மட்டும் டாகிள் செய்யும்படி ஸ்கிரிப்டை மாற்றுங்கள். இந்த வகைப் பெட்டி நிலையைச் சொல்லும்போது கடைசியில் எட்டு இலக்கம் வரும், எல்லாம் 0 அல்லது 1, அதில் எட்டாவது இலக்கம்தான் பீப்பர். டூல்ஸ் அதைப் படித்து பீப்பர் ஸ்டேட்டஸ் என்று உங்களுக்குக் காட்டும்.

ஏபிசி யுபிஎஸ்ஸை ஏபிசியுபிஎஸ்டி (apcupsd) என்ற மென்பொருள் வழியாக ஓட்டுகிறவர்களும் கேட்டிருந்தார்கள். அதோடு வரும் சோதனை நிரலின் மெனுவிலேயே அலாரம் மாற்றும் வசதி இருக்கிறது. பின்னணியில் ஓடும் சேவையை நிறுத்திவிட்டு அதைத் திறங்கள், இரண்டும் ஒரே கேபிளுக்குச் சண்டை போட்டால் ஒன்றும் வேலைக்காகாது.

கேள்வி: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சரியாக நடுராத்திரி இரண்டு மணிக்கு, கரன்ட் இருக்கும்போதே யுபிஎஸ் டக் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு பீப் அடிக்கிறது. பேய் எதுவும் இல்லை என்று என் பெண்ணுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பதில்: பேய் இல்லை கண்ணு, பரீட்சை. ஏபிசி ஸ்மார்ட்-யுபிஎஸ் மாதிரி சில வகைகள் 14 நாளுக்கு ஒருமுறை சில விநாடி பேட்டரிக்கு மாறித் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். டக் என்பது உள்ளே இருக்கும் ரிலே என்கிற தானியங்கி சுவிட்ச் மாறும் சத்தம். அந்த இடைவெளியை விநாடியில் சொன்னால் 12,09,600 விநாடி, அதைச் சின்னப் பெண்ணிடம் சொன்னால் பெருக்கிப் பார்க்கக் கணக்கு ஒன்று ஆச்சு. கணக்கு யுபிஎஸ்ஸை ஆன் செய்த நேரத்திலிருந்து ஓடுகிறது. எப்போதோ ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அது அணைந்து எழுந்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு யுபிஎஸ்ஸை மறுபடி ஆன் செய்யுங்கள், இனிப் பரீட்சை பகலில்தான். சோதனை முடிந்த பிறகும் பீப் தொடர்ந்தால் பரீட்சையில் ஃபெயில், மேலே பேட்டரி பற்றிச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி: லேசர் பிரின்டரில் பிரின்ட் கொடுத்தால் மட்டும் யுபிஎஸ் நீளமாக ஊளையிடுகிறது.

பதில்: பிரின்டரைக் கழற்றிச் சுவரில் மாட்டுங்கள். தாளில் மையை உருக்கி ஒட்ட உள்ளே ஒரு ஹீட்டர் இருக்கிறது, அது ஒரே இழுப்பில் பல நூறு வாட் கேட்கும். பெட்டியில் 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று போட்டிருப்பதை வாட் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அந்த அளவு யுபிஎஸ் பல 360 வாட் வரைதான் தாங்கும்.

கேள்வி: யுபிஎஸ்ஸை அணைத்தே வைத்துவிட்டேன், பேட்டரியையும் கழற்றிவிட்டேன். இன்னும் வீட்டில் எங்கோ நிமிஷத்துக்கு ஒரு தடவை ‘க்விக்’ என்கிறது! எங்கிருந்து என்றே தெரியவில்லை.

பதில்: கூரையைப் பாருங்கள். புகை எச்சரிக்கைக் கருவி ஏதாவது மாட்டியிருந்தால் அதன் பேட்டரி தீரப்போகிறது, அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை இப்படித்தான் சொல்லும். எங்கிருந்து என்று தெரியாதது உங்கள் காதின் தப்பு இல்லை. இந்த மாதிரி பஸ்ஸர்களின் ஒலி 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், நம் காதுக்கு அது ரொம்பக் கூர்மையாகக் கேட்கும், ஆனால் திசையைக் கண்டுபிடிப்பதில் காது மிகவும் சொதப்புகிற இடமும் அதுதான். கழற்றிவிட்ட பாவப்பட்ட யுபிஎஸ்ஸுக்குப் பேட்டரியைத் திருப்பி மாட்டுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) வைத்திருக்கிறோம். அதற்கான யுபிஎஸ் அடிக்கிற சத்தத்தில் அவர் பதறிப்போகிறார். நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம். இந்தப் பக்கத்தில் நான் வேண்டாம் என்று ஒற்றைச் சொல்லில் சொல்வது இது ஒன்றுக்குத்தான். கான்சன்ட்ரேட்டரும் கரன்ட் போனால் தனியாக ஒலிக்கும், உண்மைதான், ஆனால் யுபிஎஸ் தாங்கிக்கொண்டிருக்கும்வரை கருவிக்குக் கரன்ட் போனதே தெரியாது, அதனால் அதுவும் சும்மா இருக்கும். யுபிஎஸ்ஸையும் ஊமையாக்கிவிட்டால் பேட்டரி தீர்கிற நொடியில்தான் உங்களுக்கு விஷயம் தெரியும், அப்போது ஆக்சிஜன் சிலிண்டரைத் தேடி ஓடுவதா, அப்பாவைப் பார்ப்பதா? மென்பொருளில் முடியுமென்றால் கரன்ட் போன செய்தி உங்கள் போனுக்கும் வரும்படி வையுங்கள், ஆனால் பீப் இருக்கட்டும். யுபிஎஸ்ஸை அப்பா படுத்திருக்கும் அறையிலிருந்து எடுத்து, நீங்கள் படுக்கும் அறைக்கு நகர்த்த முடியுமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள், சத்தம் யாருக்குக் கேட்க வேண்டுமோ அவருக்குக் கேட்கும். இன்னொன்று, 5 லிட்டர் கருவிகள் 300 வாட்டையொட்டி எடுக்கும், உள்ளே கம்ப்ரஸர் இருப்பதால் தொடக்கத்தில் அதைவிட அதிகமாகவே இழுக்கும். உங்கள் யுபிஎஸ் அதைத் தாங்குமா, அது தரும் மின்சாரம் கருவிக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதைக் கருவி கொடுத்தவர்களிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிரம்பிய சிலிண்டர் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு ரவுட்டர் மட்டும் ஓடினால் போதும். சத்தமே போடாத யுபிஎஸ் என்று எதுவும் இல்லையா?

பதில்: இருக்கிறது. ரவுட்டருக்கென்றே மினி யுபிஎஸ் என்று உள்ளங்கை அளவில் விற்கிறார்கள். நேராக டிசி மின்சாரம் தருவது, உள்ளே லித்தியம் பேட்டரி, பலவற்றில் பஸ்ஸரே கிடையாது, ஒரு குட்டி விளக்கு எரியும், அவ்வளவுதான். வாங்குவதற்கு முன் ரவுட்டரின் அடாப்டரைத் திருப்பி, அவுட்புட் என்ற வரியைப் படியுங்கள். 5, 9, 12 வோல்ட் என்று ரவுட்டருக்கு ரவுட்டர் மாறும். ஆம்பியரும் அதில் இருப்பதற்குக் குறையாமல் இருக்க வேண்டும், முனையின் நடுவில் பாசிட்டிவா நெகட்டிவா என்று காட்டும் வட்டப் படமும் ஒத்துப்போக வேண்டும். ஃபைபர் இணைப்பு என்றால் சுவரில் தனியாக இன்னொரு பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள், அதற்கும் கரன்ட் வேண்டும், அதை மறந்துவிட்டு ரவுட்டர் எரிகிறது நெட் வரவில்லை என்று எழுதியவர்கள் மூன்று பேர்.